நானூற்றைம்பது சுற்று

நூற்றெண்பத்தொன்று. மொட்டை மாடிப் படிக்கட்டுக் கதவைத் தாண்டும்போது காது தன்னால் கீழே இறங்கிப் போகிறது. ஹாலுக்கு, என் வீட்டுக்காரர் கட்டிலுக்கு, தலையணைக்குப் பக்கத்தில் நான் வைத்துவிட்டு வந்த விசிலுக்கு. சத்தமில்லை. ஃபேன் மட்டும் கடக் கடக்கென்று ஓடுகிறது. சரி. அப்புறம் கைப்பிடிச் சுவர், துணிக்கொடிக் கம்பி, அதற்குக் கொஞ்சம் குனிய வேண்டும், மூலை, திரும்பு, தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்குப் பின்னால் போய்விட்டால் கீழே என்ன நடந்தாலும் கேட்காது. செவிட்டுப் பக்கம் அது. அந்தப் பத்து விநாடியும் கால் தன்னை அறியாமல் விரசாகப் போகும். பள்ளிக்கூட விளையாட்டு மாஸ்டர் ஜெரால்டு பார்த்துவிட்டுச் சொன்னார், "அக்கா, பாதிச் சுத்து நடக்குறீங்க, பாதிச் சுத்து பறக்குறீங்க. ஒண்ணு போல ஓடணும்." அவருக்கென்ன, அவர் வீட்டில் யாரும் படுத்திருக்கவில்லை. மறுபடி மூலை, மறுபடி கதவு. நூற்றெண்பத்திரண்டு. ஒரு சுற்று நாற்பது மீட்டர். மாஸ்டர்தான் டேப் பிடித்து அளந்தார், நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தைந்து சுற்று ஒரு கிலோமீட்டர். இன்றைக்குப் பதினெட்டு கிலோமீட்டர், நானூற்றைம்பது சுற்று, நிற்காமல். இதை முடித்துவிட்டால் இன்றைக்குப் பதினாலாம் நாள் ஊர்ப் பந்தயத்தில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிவிடலாமாம். அரை மராத்தான். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை. கணக்கு தவறக் கூடாதென்று புளியங்கொட்டை வைத்திருக்கிறேன், பத்துச் சுற்றுக்கு ஒன்று, இடது பையிலிருந்து வலது பைக்கு. சட்டை வீட்டுக்காரருடையது. கண்டக்டர் காக்கிச் சட்டை, பை பெரிதாக இருக்கும். முப்பத்தொரு வருஷம் சில்லறை போட்டுப் போட்டுத் தொங்கிப்போன பை. குலுங்காமல் கொட்டை உள்ளே கிடக்கிறது. நூற்றெண்பத்து மூன்றா நாலா. மூன்று. மூன்றுதான்.

தட்டோட்டில் இடது பூட்ஸ் தப்பென்று விழுகிறது, வலது பூட்ஸ் தேய்ந்து விழுகிறது. வலது கால் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஐம்பது சுற்றுக்கு ஒரு தடவை திசையை மாற்றி ஓடச் சொல்லியிருக்கிறார், இல்லையென்றால் உள்பக்க முழங்கால் போய்விடும். இந்தக் கால் முதலில் ஓடியது பள்ளிக்கூடத்தில்தான். அங்கே ஆயாவாக இருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, கால் கழுவிவிட்டு, பெஞ்சு துடைத்து. ஆண்டு விழாவில் ஆயாக்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள், சும்மா சிரிப்புக்காக. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் யாரும் இல்லை, மற்றவர்கள் பாதி மைதானத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். மாஸ்டர் அன்றைக்கே பிடித்துக்கொண்டார். அப்புறம் காலையில் மைதானம், அஞ்சு கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர். இவர் ஷிப்டு முடிந்து வந்து பூட்ஸ் கட்டிக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து, "எந்த பஸ்ஸ புடிக்க இம்புட்டு ஓட்டம்?" என்பார். "உங்க பஸ்ஸத்தான், நீங்கதான் ஸ்டாப்புல நிறுத்துறதே இல்லையே" என்பேன். சிரிப்பார். நல்ல கனத்த குரல். பெரியார் பஸ் நிலையத்தில் நின்று திருமங்கலம் திருமங்கலம் என்று அவர் கூப்பிட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக் குடிக்கிறவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். அந்தக் குரலைக் கேட்டு எட்டு மாசம் ஆகிறது. மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு, வலது கை, வலது கால், வாய் எல்லாம் விழுந்துவிட்டது. நூற்றுத் தொண்ணூறு. கொட்டை மாற்று. கதவு. ஃபேன். சத்தமில்லை.

விசிலைக் கொடுத்தது நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூணாம் நாள், வாயைத் திறந்து என்னவோ சொல்லப் பார்க்கிறார், ஊ ஊ என்று வருகிறது, எனக்குப் புரியவில்லை, அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கண்ணீரைப் பார்க்க முடியாமல் பீரோவைத் திறந்து, டிக்கெட் பையிலிருந்து அவருடைய விசிலை எடுத்துக் கழுவி இடது பக்க உதட்டில் வைத்தேன். ஊதினார். ஒன்று. பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, ரெண்டு என்றால் போகலாம். எந்தக் கண்டக்டர் பெண்டாட்டிக்கு இது தெரியாது. ஒன்று ஊதினால் நான் வரணும், ரெண்டு ஊதினால் வேண்டாம் போ. அவ்வளவுதான் முதலில். எல்லாரும் மெச்சினார்கள், தெய்வானைக்கு என்ன மூளை என்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் அது வளர்ந்தது. நீளமாக ஒன்று என்றால் ஒண்ணுக்கு. நடுங்கிக்கொண்டு ஒன்று என்றால் தோள் வலி. சின்னதாகக் கடித்து ஊதினால் டிவியை மாற்று. உதட்டு நுனியில் ஊதினால் பசி. ஊதாமல் விசிலில் பல்லை மட்டும் தட்டினால் கோபம். எனக்கு எல்லாம் தெரியும். அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாலும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்தப் பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் நஸ்ரின், நாலு தடவை வந்தாள், அவள் ஒன்று சொன்னாள். அது கிடக்கட்டும். அதை இப்போது நினைக்க வேண்டாம். செல்லத்தாயைப் பற்றி நினைக்கலாம். பந்தயத்தன்று நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர ஒன்பது ஆகும். அஞ்சு மணி நேரம் இவர் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். இவர் கூடப் பிறந்தவள் செல்லத்தாய் ஒருத்திதான், வாடகை ஆள் கையால் இவர் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார். ஒரு தடவை வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூணு மணி நேரத்தில் வந்தால், இவர் வேட்டி நனைந்து, மார்பெல்லாம் தண்ணீர் கொட்டி, அவள் ஒரு மூலையில் அழுதுகொண்டு இருக்கிறாள். "அண்ணே ஊதுறாக, நான் தண்ணி குடுக்குறேன். திரும்ப ஊதுறாக, திரும்பத் தண்ணி. புரை ஏறிப்போச்சு மதினி. எனக்கு அந்தப் பாஷ தெரியல. இனிமே என்னயக் கூப்பிடாதீக." முந்தாநாள் போனில் மறுபடி கேட்டேன். "வாயத் தொறந்து இது வேணும் அது வேணும்னு சொன்னாகன்னா ஒரு வாரங்கூட இருந்து பாப்பேன். அந்த விசில் சத்தம் கேட்டாலே எனக்குப் படபடன்னு வருது." வைத்துவிட்டாள். இருநூற்றிரண்டு.

விடிந்துவிட்டது. பால்காரர் வண்டி ஸ்டாண்டு போடுகிற சத்தம், எதிர் வீட்டு வாசலில் துடைப்பச் சத்தம், தூரத்தில் பாசஞ்சர் ரயில். ஆறு மணிக்கு இவர் காப்பிக்கு ஊதுவார். எட்டு மாசத்தில் ஒரு நாள் தவறியதில்லை. ஆறு ஆகியிருக்கும். இருநூற்றுப் பத்து, கொட்டை. கதவு. இல்லை. நேற்று ராத்திரி சாதம் ஊட்டும்போதே சொல்லி வைத்தேன், "நாளைக்குப் பதினெட்டு ஓடணும். காலம்பற ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அவசரம்னா மட்டும் ஊதுங்க, என்ன." ரெண்டு ஊதினார். சரி, போ என்று. கிளம்புமுன் வேட்டி மாற்றி, பால் கொடுத்து, திருப்பிப் படுக்க வைத்து, விசிலைத் தலையணை ஓரத்தில் வைத்துக் கையைத் தொட்டுக் காட்டிவிட்டு வந்தேன். கயிறு கிடையாது. புரளும்போது கழுத்தை இறுக்குகிறதென்று போன வாரம் அறுத்துவிட்டேன். பொறுத்துக்கொண்டு இருக்கிறார், அவ்வளவுதான். எனக்காகப் பொறுக்கிறார். அப்படியா. இவர் எப்போது பொறுத்தார். சாம்பாரில் உப்புக் குறைந்தால் பொறுக்காதவர். இறங்கிப் பார்த்தால் என்ன? இருபது படி. பார்த்துவிட்டு ஏறிவிடலாம். ஆனால் இப்படித்தான் எட்டு மாசமாகப் பார்த்துவிட்டு ஏறுகிறேன். நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஒரு தடவை கூட நிற்காமல் ஓடியதில்லை. மாஸ்டர் போனில் பேசி அனுப்புவார், எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்று. போன வாரம் அனுப்பியதை ஏழெட்டுத் தடவை கேட்டேன். "அக்கா, உங்க காலு ஓடிரும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. உங்க காதுதான் வீட்டுலயே உக்காந்திருக்கு. ஒரே ஒரு நாளு, பதினெட்டு முடியிற வரைக்கும் எறங்காம இருந்து பாருங்க. அது முடியலேன்னா பந்தயத்தன்னைக்கு ஆறாவது கிலோமீட்டர்ல நீங்களே திரும்பி வீட்டுக்கு ஓடிருவீங்க." நிஜந்தான். இருநூற்றுப் பதினைந்து. இறங்கக் கூடாது.

இருநூற்று அறுபதுக்கு மேல் சுவரும் தொட்டியும் கம்பியும் ஒன்றுதான். தட்டோட்டில் ஒரு விரிசல் இருக்கிறது, ஆந்தை மூக்கு மாதிரி. அதைத் தாண்டும்போதெல்லாம் ஒரே நினைப்பு வருகிறது. சுற்றுக்கு ஒரு தடவை வருகிறது. ஊதவில்லை என்றால், ஊத முடியவில்லை என்றால், ஊத ஆளே இல்லை என்றால். அதோடு நின்றால் பரவாயில்லை. அதற்குப் பின்னாலேயே, தொட்டிக்குப் பின்னால் போகிற பத்து விநாடியில், உடம்பு லேசாகிறது. காக்கிச் சட்டை காற்றில் உப்புகிறது, தோள் இறங்குகிறது. அந்த லேசை நான் கேட்கவில்லை, தானாக வருகிறது. முந்நூற்றெட்டாவது சுற்றில் அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபிறகு எப்படித் தெரியாமல் இருப்பது. முப்பத்தாறு வருஷம் கட்டி வாழ்ந்த மனுஷர். கதவுக்கு வந்ததும் காதை அவசரமாகக் கீழே அனுப்புகிறேன், குற்றம் செய்தவள் மாதிரி. ஃபேன். ஃபேனுக்குள்ளே என்னவோ கரகரவென்று. மூச்சா? மூச்சுதான். இருமலா? குறட்டை விடுகிறார், தூங்குகிறார். இவ்வளவு நேரமா தூங்குவார்? எதிர் வீட்டில் குக்கர் விசில். கால் கதவுப் பக்கம் திரும்பி, ரெண்டு படி இறங்கி, நின்று, மறுபடி ஏறிவிட்டது. குக்கர் விசிலுக்குப் பின்னால் ஆவியின் கனம் இருக்கும், கடைசியில் புஸ்ஸென்று தளரும். இவர் விசிலுக்குக் கனமே கிடையாது. எனக்குத் தெரியாதா. தெரிந்தும் கால் இறங்குகிறது. ரெண்டு படி இறங்கியதற்கு என்ன கணக்கு? முந்நூற்று முப்பத்து நாலு. நிற்கவில்லை, அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெயில் ஏறுகிறது. சுவர்மேல் வைத்த செம்பில் உப்பும் சீனியும் போட்ட தண்ணீர், ஓடிக்கொண்டே ஒரு வாய், பாதி சட்டையில். இடது இடுப்பில் ஒரு ஆணி. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்து காலை நீட்டிச் சொல்வார், "இன்னைக்கு இருநூத்தி எழுவது கிலோமீட்டரு போயிருக்கேன் தெய்வு. ஆனா நின்ன இடத்துலதான் நின்னேன்." அது அப்போது சிரிப்பாக இருந்தது. நான் ஓடிக்கொண்டே இருக்கிறேன், கீழே இவர் தலைக்கு மேலேதான் இருக்கிறேன். இவருக்கு என் காலடி கேட்கும். மேற்கூரையில் தப்பு, தேய், தப்பு, தேய். விடியலில் இருந்து அதையே கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். நான் விசிலைக் கேட்கக் காதை வைத்திருக்கிறேன், இவர் என் காலைக் கேட்கக் காதை வைத்திருக்கிறார். யார் யாரைக் கட்டிப் போட்டிருக்கிறது. அப்போதுதான், முந்நூற்றுத் தொண்ணூறில், கொட்டையை மாற்றும்போது, நஸ்ரின் சொன்னது முழுசாக வந்து நின்றுவிட்டது. இனி ஓட்டிவிட முடியாது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவங்களுக்குத் தொண்டை நல்லா இருக்கு. நாக்கும் கொஞ்சம் கொஞ்சமா திரும்புது. நான் இருக்குற முக்கா மணி நேரம் ஆ, ஈ, வா, போ எல்லாம் முயற்சி பண்றாங்க. நான் போனதும் விசிலை எடுத்துக்குறாங்க. ஊதுன உடனே நீங்க ஓடி வர்றீங்க. அப்புறம் எதுக்கும்மா பேசணும்?" எனக்குச் சுருக்கென்றது. சின்னப் பெண், படுத்த படுக்கையைப் பார்த்தவளா என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவர் விசிலைப் பிடுங்கச் சொல்கிறாள் என்று செல்லத்தாயிடம் குறை வேறு சொன்னேன். பிடுங்கச் சொன்னால் என்ன? பிடுங்கியிருந்தால் என்ன? பயந்தேன். இவர் அழுவாரே என்றா? அதுவும்தான். இன்னொன்று, எனக்கு மட்டும் புரிகிற பாஷை ஒன்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு அது பெரிய படிப்பு. நானூறு. கொட்டை. கதவு.

நானூற்று முப்பத்தொன்று. கதவைத் தாண்டும்போது கீழேயிருந்து ஒரு சத்தம். விசில் இல்லை. ஏ, ஊ. பூனையாக இருக்கும். பின் சந்தில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. சுவர், கம்பி, குனி, மூலை, தொட்டி. செவிட்டுப் பக்கத்தில் ஓடும்போதே உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்துவிட்டது. பூனைக்கு அந்தத் தொண்டை கிடையாது. டீக் கிளாஸை வைத்துவிட்டு ஆளை ஓடி வரச் செய்கிற தொண்டை அது, அடைத்துப் போய், துரு ஏறி. கதவுக்கு வந்தேன். "ஏ... வூ." கால் கதவுப் பக்கம் திரும்பியது. கை நிலையைப் பிடித்தது. இறங்கினால் என்ன ஆகும்? என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார். விசில் எங்கேயோ விழுந்திருக்கிறது, கைக்கு எட்டவில்லை. காட்டுவார். நான் எடுத்துக் கொடுப்பேன். அப்புறம் இன்னும் எட்டு மாசம். கையை விட்டேன். ஓடினேன். எட்டு மாசமாக ஒரு விசிலுக்கு வாணலியை அடுப்பில் விட்டுவிட்டு ஓடியவள், கட்டினவர் வாய் திறந்து கூப்பிடுகிறபோது எதிர்த் திசையில் ஓடுகிறேன். கண் மறைக்கிறது, வேர்வையோ என்னவோ. கம்பிக்குக் குனிய மறந்து நெற்றியில் பட்டது. தொட்டிக்குப் பின்னால் எனக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொன்னேன், கூப்பிடுங்க, இன்னும் ஒரு தடவ கூப்பிடுங்க. மூலை. கதவு. "தே... வூ." மேற்கூரையில் காலடி நிற்கவில்லை என்று அவருக்குத் தெரிகிறது. கோபம் வருகிறது, அந்தக் கோபம் நாக்கை உதைக்கிறது. இன்னொரு சுற்று. தொட்டியைத் தாண்டும் முன்னேயே கேட்டுவிட்டது. செவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டேன். "தெய்வூ."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே, இடது கை தரையைத் துழாவிக்கொண்டு, உதடெல்லாம் எச்சில். வேட்டி நனைந்திருக்கிறது. எவ்வளவு நேரம் இப்படிக் கிடந்தாரோ. என்னைப் பார்த்ததும் வாயை மூடிவிட்டு விரலால் காட்டினார். விசில் கட்டில் காலுக்கு ஒரு முழத்தில் கிடக்கிறது. அவரைத் தூக்கி நிமிர்த்தித் தலையணையில் சாய்த்தேன். மறுபடி காட்டினார். என் கை தானாக அதை எடுக்கக் குனிந்தது. குனிந்த கையை மடக்கிக்கொண்டு, பூட்ஸ் நுனியால் கட்டிலுக்கு அடியில் உள்ளே தள்ளினேன். அவர் பார்த்தார். முப்பத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"என்ன வேணும், வாயால சொல்லுங்க."

விரலைத் தொண்டைக்குக் கொண்டுபோனார்.

"சைகை வேணாம். சொல்லுங்க."

நெற்றி நரம்பு புடைத்தது. என் முகத்திலிருந்து வேர்வை அவர் கையில் சொட்டுகிறது. "த... ண்ணி," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "ச... னியனே."

தண்ணீர் கொடுத்தேன். ரெண்டாவது வாயில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேட்டியை மாற்றினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினேழு சுற்று பாக்கி, அது கிடக்கட்டும், தொடை ரெண்டும் தன்னால் துடித்துக்கொண்டிருக்கிறது. போனை எடுத்தேன். செல்லத்தாய் படத்தைத் தொட்டேன். மணி போகும்போது அவர் காதோரம் சொன்னேன், "பந்தயத்தன்னைக்கு உங்க தங்கச்சி வந்து உக்காரணும். நான் கூப்பிட்டா வர மாட்டா. நீங்கதான் கூப்பிடணும்."

திரும்பவில்லை. செல்லத்தாய் எடுத்துவிட்டாள். "மதினி? என்ன காலையில? அண்ணனுக்கு என்ன? ஏன் பேசாம இருக்கீக?"

போனை அவர் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் அந்தப் பக்கம் மதினி மதினி என்கிறாள், குரல் கலங்குகிறது. நான் கையை எடுக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மெல்லத் திரும்பினார். என்னைப் பார்த்துக்கொண்டே, கோணிய வாயை இழுத்து நேராக்கினார்.

"வா," என்றார்.

அப்புறம் செல்லத்தாய் கேட்டாள், "யாரு அது? மதினி, யாரு பேசுறது?"